எடை ஒன்று, வடிவம் வேறு... தானிய நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் மில்லிநொடி ஓட்டம்!

தை, மாசியில் சேலத்திலிருந்து ஆத்தூர் சாலையில் போய்ப் பாருங்கள். அயோத்தியாப்பட்டணம் தாண்டி வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல் வரைக்கும் ஆங்காங்கே களத்திலும் சாலை ஓரத்திலும் மஞ்சள் ஜமக்காளம் விரித்தது மாதிரி மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருக்கும். நன்றாகக் காய்ந்ததும் மூட்டை கட்டி லாரியில் ஏற்றுவார்கள். லாரிகளில் பெரும்பாலானவை போய்ச் சேரும் இடம் நாமக்கல் பக்கத்துத் தீவன ஆலைகள். முட்டைக்கோழி தின்னும் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தான்.

அந்த நேரம் பார்த்து இரண்டு நாள் மழை பெய்தால் விவசாயிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். விலை போகாது என்பது ஒரு கவலை. இன்னொரு கவலை கண்ணுக்கே தெரியாது. ஈரம் தங்கிய தானியத்தில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையைத் தட்டி உதறி, மறுபடி காயவைத்துவிடலாம். ஆனால், அது விட்டுச்சென்ற நஞ்சு தானியத்திலேயே இருக்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. சமையல் சூட்டிலும் முழுதாக அழியாது.

அந்த நஞ்சைக் கண்டுபிடிக்கும் கருவிகளுக்கு ஒரு பழைய தலைவலி உண்டு. சில நஞ்சுகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. தராசில் நிறுத்தினால் எடை அச்சு அசலாக ஒன்றுதான். குணம் மட்டும் தலைகீழ். எடையை மட்டும் பார்க்கும் கருவிக்கு, 'வந்திருப்பது அண்ணனா, தம்பியா?' என்று சொல்லத் தெரியாது. கடந்த 20 ஆண்டுகளில் விஞ்ஞானிகள் அந்தக் கருவிக்கு ஒரு புதுக் கண் பொருத்தியிருக்கிறார்கள். எடையோடு வடிவத்தையும் பார்க்கிற கண். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1974-ன் பாடம்

பூஞ்சை நஞ்சு என்றால் கோழிக்கும் மாட்டுக்கும் வரும் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரெனச் செத்து விழுந்தன. என்ன நோய் என்றே தெரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். தேடிப் போனபோது பிரேசிலிலிருந்து தீவனத்துக்காக வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையின் பெயரிலிருந்துதான் 'அஃப்ளாடாக்சின்' என்ற சொல் பிறந்தது.

நம் நாட்டுப் பாடம் இதைவிடக் கொடுமை. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் பழங்குடி மக்கள் வாழும் பகுதியில் அறுவடை நேரத்தில் பருவம் தவறி மழை பெய்தது. நனைந்த மக்காச்சோளத்தைத்தான் அந்த ஏழைக் குடும்பங்கள் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருந்தது. மஞ்சள் காமாலை, வயிறு வீக்கம் என்று 397 பேர் நோயில் விழுந்தார்கள். 106 பேர் இறந்துபோனார்கள். அந்த வீடுகளில் மிச்ச சோற்றைத் தின்ற நாய்களுக்கும் அதே நோய். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவன விஞ்ஞானிகள் ஆராய்ந்து, காரணம் அஃப்ளாடாக்சின் என்று உலகுக்குச் சொன்னார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்ந்தாலும் ஆபத்துதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் அஃப்ளாடாக்சின்களை வைத்திருக்கிறது. கல்லீரல்தான் அதன் குறி.

தீவனத்தில் ஒருவன், பாலில் இன்னொருவன்

அஃப்ளாடாக்சின் ஒரே பொருள் அல்ல, ஒரு குடும்பம். தானியத்தில் பி1, பி2, ஜி1, ஜி2 என்று நான்கு பேர் முக்கியமானவர்கள். இவர்களில் பி1 மகா முரடன். பி1 கலந்த தீவனத்தை மாடு தின்றால், அதன் கல்லீரல் அந்த நஞ்சை மாற்றி எம்1 என்ற இன்னொரு பொருளாக்கும். மாடு தின்ற பி1-ல் பொதுவாக 1 முதல் 6 சதவிகிதம் வரை இப்படி எம்1 ஆகப் பாலுக்கு வந்துவிடும். அதனால்தான் ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் எம்1 இருக்கக் கூடாது என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் பாதிப் பங்கு! கோழி முட்டைக்கு இந்த நஞ்சு போய்ச் சேர்வது பாலைவிட மிகமிகக் குறைவு. ஆனால், கோழியின் கல்லீரல் கெட்டு, முட்டையிடுவது குறைந்து, பண்ணைக்காரரின் கணக்கு கவிழ்ந்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். தானியத்தில் வரும் ஜி1, பாலில் வரும் எம்1 இரண்டையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே 17 கார்பன், 12 ஹைட்ரஜன், 7 ஆக்சிஜன். இரண்டிலும் அதே எண்ணிக்கை, அதே எடை. அணுக்கள் கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. இப்படிப்பட்ட இரட்டையர்களை வேதியியலில் 'ஐசோமர்' என்பார்கள்.

இதைவிட விசித்திரமான ஜோடி ஒன்று உண்டு. மக்காச்சோளத்தில் ஃபுசேரியம் என்ற பூஞ்சை 'ஜியாரலினோன்' என்ற நஞ்சை உண்டாக்கும். உடம்புக்குள் போனால் அது பெண்மைக்கான ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாதிரி நடித்து ஏமாற்றும். கல்லீரல் இதை ஆல்ஃபா ஜியாரலினால், பீட்டா ஜியாரலினால் என்று இரண்டு பொருள்களாக மாற்றும். இரண்டும் எடையில் ஒன்றே. ஒரேயொரு ஹைட்ராக்சில் தொகுதி ஒன்றில் இந்தப் பக்கம் பார்க்கும், மற்றதில் அந்தப் பக்கம் பார்க்கும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் போட்ட கணக்கில், ஜியாரலினோனின் ஹார்மோன் வீரியத்தை 1 என்று வைத்தால், ஆல்ஃபாவுக்கு 60. பீட்டாவுக்கு வெறும் 0.2. அதாவது இரட்டையர்களுக்குள் 300 மடங்கு வித்தியாசம்!

பன்றியின் உடம்பு இதை அதிகமும் ஆல்ஃபாவாக மாற்றுகிறது. அதனால் பன்றிகளுக்குச் சினை பிடிப்பதில் பெரும் பாதிப்பு வரும். கோழியின் உடம்பு பெரும்பாலும் பீட்டாவாக மாற்றுகிறது. கோழி இந்த நஞ்சை ஓரளவு தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். 'இந்த எடையில் இவ்வளவு நஞ்சு இருக்கிறது' என்று மட்டும் ஓர் ஆய்வகம் எழுதிக்கொடுத்தால், அந்தச் சீட்டு பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

எடை பார்க்கும் தராசு

மூலக்கூறுகளை எடைபோடும் கருவிக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று பெயர். தமிழில் நிறை நிறமாலைமானி. தராசுத் தட்டில் மூலக்கூறை வைக்க முடியாது. அதனால், முதலில் அதற்கு மின்னூட்டம் கொடுத்து 'அயனி' ஆக்குவார்கள். பிறகு வெற்றிடத்தில் மின்புலம் கொண்டு ஓடவிடுவார்கள். இலேசானது முன்னால் ஓடும், கனமானது பின்தங்கும். ஓடிய நேரத்தை வைத்து எடையைக் கணக்கிடுவார்கள். பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் அயனியாக்கும் 'எலெக்ட்ரோஸ்ப்ரே' முறையை வளர்த்தெடுத்த ஜான் ஃபென், 2002-ல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால், இரட்டையர்கள் வந்தால் தராசு திணறிவிடும். இதற்கு ஆய்வகங்கள் ஒரு வழி வைத்திருக்கின்றன. தராசுக்கு அனுப்பும் முன்பு, நுண்துகள் அடைத்த மெல்லிய குழாய் வழியாக மாதிரியைத் திரவத்தோடு சேர்த்துத் தள்ளுவார்கள். ஒவ்வொரு பொருளும் துகள்களில் ஒட்டி ஒட்டி, வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். இது குரோமட்டோகிராபி. நல்ல முறை, நம்பகமான முறை. இன்றைக்கும் உணவு ஆய்வகங்களின் முதுகெலும்பு இதுதான். குறை என்னவென்றால், ஒரு மாதிரிக்குப் பல நிமிடங்கள் ஆகும். கரைப்பான் செலவாகும். எவ்வளவு முயன்றாலும் சில இரட்டையர்கள் கைகோத்துக்கொண்டு ஒன்றாகவே வெளியே வருவார்கள்.

விரித்த குடை, மடித்த குடை

இந்த இடத்தில்தான் அயனி நகர்திறன் முறை உள்ளே வருகிறது. ஆங்கிலப் பெயரை அப்படியே சொன்னால் அயான் மொபிலிட்டி.

தேர்த் திருவிழாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே எடையுள்ள இரண்டு பேர், ஒரே வேகத்தில் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டும். ஒருவர் கையில் மடித்த குடை. இன்னொருவர் குடையை விரித்துப் பிடித்திருக்கிறார். யார் முதலில் போய்ச் சேருவார்? மடித்த குடைக்காரர்தான். விரித்தவர் எதிரே வருகிற எல்லோர் மீதும் இடித்து இடித்துத் தாமதமாவார்.

கருவியிலும் இதேதான் நடக்கிறது. வெற்றிடத்துக்குப் பதிலாக நைட்ரஜன் அல்லது ஹீலியம் வாயு நிரப்பிய குழாயில் அயனிகளை மின்புலத்தால் இழுப்பார்கள். வாயு மூலக்கூறுகள்தான் திருவிழாக் கூட்டம். கச்சிதமாகச் சுருண்ட அயனி குறைவாக இடிபட்டு முந்தும். கைகால் பரப்பிய அயனி பிந்தும். இந்தப் பந்தயம் முடிய ஆகும் நேரம் சில மில்லிநொடிகள் முதல் சில பத்து மில்லிநொடிகள் வரைதான். கண் சிமிட்ட அதைவிட அதிக நேரம் ஆகும்.

இதில் கிடைக்கும் அளவுக்கு 'மோதல் குறுக்குப்பரப்பு' என்று பெயர். சுருக்கமாக சி.சி.எஸ். அயனி வாயுவுக்கு எவ்வளவு 'அகலமாக'த் தெரிகிறது என்பதன் கணக்கு இது. எடை ஓர் அடையாளம் என்றால், சி.சி.எஸ். இன்னோர் அடையாளம். ஆதார் எண்ணோடு கைரேகையும் சேர்த்துப் பார்ப்பது மாதிரி.

கருவிக்குள் மூன்று கடிகாரங்கள் ஓடுவதாக நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். குரோமட்டோகிராபி நிமிடக் கணக்கில் பிரிக்கிறது. அதிலிருந்து வெளிவருவதை நகர்திறன் முறை மில்லிநொடிக் கணக்கில் பிரிக்கிறது. அதிலிருந்து வெளிவருவதைத் தராசு மைக்ரோநொடிக் கணக்கில் எடைபோடுகிறது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்றும் பொருந்திப்போவதால், கூடுதல் நேரமே செலவில்லாமல் கூடுதல் தகவல் கிடைக்கிறது. தீவனம் மாதிரி எண்ணெய், மாவு, புரதம், தாது உப்பு எல்லாம் கலந்த சாம்பாரில் நஞ்சைத் தேடும்போது, தேவையில்லாத இரைச்சலை ஒதுக்கவும் இது உதவுகிறது.

விமான நிலையத்தில் பார்த்திருப்பீர்கள்

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்செவின் 1900-களின் தொடக்கத்திலேயே வாயுவில் அயனிகள் நகரும் விதத்தை அளந்து, கணக்கும் எழுதிவைத்தார். 1960-களில் அமெரிக்காவின் ஏர்ல் மெக்டேனியல் நகர்திறன் குழாயையும் எடை பார்க்கும் கருவியையும் இணைத்தார்.

பிறகு ராணுவமும் விமான நிலையங்களும் இதைக் கையில் எடுத்துக்கொண்டன. விமான நிலையத்தில் பாதுகாப்பு ஊழியர் உங்கள் பையின் மேல் ஒரு சின்னப் பட்டையைத் தேய்த்து, பெட்டி மாதிரியான கருவிக்குள் செருகியதைப் பார்த்திருக்கிறீர்களா? வெடிமருந்துத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் அந்தப் பெட்டிக்குள் பெரும்பாலும் நடப்பது இதே ஓட்டப்பந்தயம்தான். சில நொடிகளில் பதில் வந்துவிடும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கிற நைட்ரோகிளிசரின் மாத்திரையைத் தொட்ட கைக்கும் அது சில நேரம் அலறலாம். ஏனென்றால், அந்த மருந்தும் வெடிபொருளும் ஒரே பொருள்தான்!

பைக்குள் வெடிமருந்தைத் தேட அந்தச் சின்னப் பெட்டி போதும். ஆல்ஃபாவையும் பீட்டாவையும் பிரிக்கப் போதாது. அதற்காகத்தான் இந்த நுட்பத்தை மேலும் மேலும் கூர்தீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கூர்தீட்டும் நான்கு வழிகள்

முதல் வழி, பாதையை நீட்டுவது. நூறு மீட்டர் ஓட்டத்தில் பிரிக்க முடியாத இரண்டு பேரை மாரத்தானில் பிரித்துவிடலாம். ஆனால், ஒரு சிக்கல். பாதையை 4 மடங்கு நீட்டினால் பிரிக்கும் திறன் 2 மடங்குதான் கூடும். 100 மடங்கு நீட்டினால் 10 மடங்கு. அவ்வளவு நீளக் குழாயை எந்த ஆய்வகத்தில் வைப்பது?

பதில், வட்டப்பாதை. இங்கிலாந்தில் வாட்டர்ஸ் நிறுவன விஞ்ஞானிகள் 98 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள ஒரு வளையத்தில் அயனிகளைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் கருவியை 2019-ல் வெளியிட்டார்கள். ஒரு சுற்றில் பிரிக்கும் திறன் சுமார் 65. நூறு சுற்று விட்டால் சுமார் 750. அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்மித் குழுவினர் வேறு தினுசாக யோசித்தார்கள். சர்க்யூட் போர்டில், மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகள் மாதிரி வளைத்து வளைத்து 13.5 மீட்டர் பாதை போட்டார்கள். 2017-ல் அதில் 40 முறை ஓடவிட்டு 540 மீட்டர் ஓட்டத்தைச் சாதித்தார்கள். ஒரு மேசைக்குள் அடங்கும் கருவியில் அரை கிலோமீட்டர்!

வட்ட ஓட்டத்துக்கு ஒரு குறை உண்டு. வேகமான அயனி ஒரு சுற்று முந்தி வந்து, மெதுவான அயனியின் முதுகில் மோதும். யார் எத்தனையாவது சுற்றில் இருக்கிறார் என்று குழம்பிவிடும். அதனால், முதலில் நமக்கு வேண்டிய ஜோடியை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பல சுற்று விட முடியும்.

இரண்டாம் வழி, வீணாவதைத் தடுப்பது. பழைய குழாய்க் கருவியில் அயனிகளை ஒரு கதவு கொஞ்ச நேரம் திறந்து உள்ளே விடும். மற்ற நேரம் மூடியே இருக்கும். ரயில்வே கேட் போட்டிருக்கும்போது வருகிற வண்டிகள் நிற்கவாவது நிற்கும். இங்கே மூடிய கதவுக்கு வெளியே வருகிற அயனிகள் அழிந்தே போகும். ஏற்கெனவே கிலோவுக்கு அரை மைக்ரோகிராம் தேடுகிறோம். அதிலும் பெரும்பகுதியை வீணடித்தால் எப்படி?

இதற்குத் தீர்வாக வந்தது பொறியில் பிடிக்கும் முறை. ஆற்றில் எதிர்நீச்சல் போடும் மீன் மாதிரி, வாயுவின் ஓட்டம் அயனியை முன்னே தள்ள, மின்புலம் பின்னே பிடித்து நிறுத்தும். அகலமான அயனி ஓரிடத்தில் நிற்கும், கச்சிதமானது வேறிடத்தில் நிற்கும். மின்புலத்தை மெல்ல மெல்லத் தளர்த்தினால் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரு கூட்டம் வெளியேறும் நேரத்தில் அடுத்த கூட்டத்தைச் சேமித்துவைக்கலாம். புரூக்கர் நிறுவனம் 2016-ல் இந்தக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

மூன்றாம் வழி, ஓட்டத்தின் விதியையே மாற்றுவது. 1980-களில் சோவியத் ரஷ்யாவில் பிறந்த யோசனை இது. ஒரே சீராக இழுக்காமல், பலமாகவும் மெதுவாகவும் மாறி மாறி இழுப்பார்கள். பலமான இழுப்பில் ஒவ்வொரு அயனியும் வேறுவிதமாகத் தடுமாறும். அந்தத் தடுமாற்றமே அடையாளம். கனடா விஞ்ஞானிகள் 2008-ல் மக்காச்சோள மாவில் ஜியாரலினோன் குடும்பத்தை ஆராய இந்த முறையைத்தான் பயன்படுத்திப் பார்த்தார்கள்.

நான்காம் வழிதான் சுவாரஸ்யம். பாதையை நீட்டாமல், குடையை விரிக்கவைப்பது. இதற்கு வைட்டமின் டி நல்ல உதாரணம். நாம் ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் வைட்டமின் டி வடிவத்துக்கு 'எபி' என்ற எடை மாறாத இரட்டை உண்டு. பச்சிளம் குழந்தைகளின் ரத்தத்தில் இது கூடுதலாக இருக்கும். இரண்டையும் பிரிக்காமல் கூட்டி எண்ணினால், குழந்தைக்கு வைட்டமின் போதுமான அளவு இருப்பதாகத் தவறான முடிவு வரலாம். புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவற்றோடு சோடியம் அயனியை ஒட்டவைத்துப் பார்த்தார்கள். உண்மையான வைட்டமின் வடிவம் விரிந்த நிலை, சுருங்கிய நிலை என இரண்டாகவும் நின்றது. 'எபி' இரட்டை சுருங்கிய நிலையில் மட்டுமே நின்றது. விரிந்த குடையைக் கண்டால் அசல் என்று அடையாளம் சொல்லிவிடலாம். உப்பில் இருக்கும் சோடியம் செய்த வேலை இது!

எல்லோருக்கும் ஒரே அளவுகோல்

கருவி மட்டும் கூர்மையாக இருந்தால் போதாது. சேலத்தில் அளந்தாலும் ஸ்டாக்ஹோமில் அளந்தாலும் ஒரே எண் வர வேண்டும். 2017-ல் வெவ்வேறு ஆய்வகங்கள் ஒரே பொருள்களை ஒரே மாதிரியான குழாய்க் கருவியில் அளந்து ஒப்பிட்டபோது, சி.சி.எஸ். எண்களில் சராசரி மாறுபாடு 0.29 சதவிகிதம்தான் இருந்தது. மறு ஆண்டே நூற்றுக்கும் மேற்பட்ட பூஞ்சை நஞ்சுகளின் சி.சி.எஸ். எண்களைத் திரட்டி ஐரோப்பிய ஆய்வாளர்கள் பட்டியல் போட்டார்கள். குற்றவாளிகளின் கைரேகைப் பட்டியல் தயார் என்று சொல்லலாம்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. வலது கை, இடது கை மாதிரி கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் இரட்டையர்களைச் சாதாரண வாயுவில் இது நேரடியாகப் பிரிக்காது. ஒரே மூலக்கூறு இரண்டு விதமாக மடிந்து, இரண்டு பேர் வந்த மாதிரி ஏமாற்றுவதும் உண்டு. கருவியின் விலையோ கோடிகளில்.

சென்னையில் வெள்ளித் திரள்

சேலம் என்றால் வெள்ளிக் கொலுசு நினைவுக்கு வரும். சென்னை ஐ.ஐ.டி-யிலும் ஒரு வெள்ளிக் கதை இருக்கிறது. பேராசிரியர் டி.பிரதீப், தண்ணீரில் கலந்த பூச்சிக்கொல்லியை நானோ வெள்ளித் துகளால் நீக்கும் வடிகட்டிக்கும், ஆர்சனிக் நீக்கும் நுட்பத்துக்கும் பெயர்பெற்றவர். 2020-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவருடைய குழு 29 வெள்ளி அணு, 44 வெள்ளி அணு என்று எண்ணிச் சொல்லக்கூடிய சின்னஞ்சிறு வெள்ளித் திரள்களை ஆராய்கிறது. 2017-ல் அயனி நகர்திறன் முறையைக் கொண்டு, எடை மாறாமல் வடிவம் மட்டும் மாறிய திரள்களைப் பிரித்துக் காட்டினார்கள்.

இதே குழு, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரஹாம் குக்ஸுடன் சேர்ந்து 2014-ல் இன்னொரு வேலையும் செய்தது. மாதிரியை அயனியாக்க வழக்கமாக ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். கார்பன் நானோகுழாய் பூசிய சின்னக் காகிதத்தைக் கொண்டு வெறும் 3 வோல்ட்டில் அதைச் சாதித்தார்கள். இரண்டு டார்ச் லைட் பேட்டரியின் மின்சாரம்! ஆரஞ்சுத் தோலில் இருக்கும் பூச்சிக்கொல்லியைக்கூட இப்படிக் கண்டறிய முடிந்தது. பெரிய கருவி என்றைக்காவது சின்னதாகி, மார்க்கெட் கமிட்டி வாசலுக்கு வர வேண்டும் என்றால், இந்த மாதிரி வேலைகள்தான் வழிபோட வேண்டும்.

மூட்டையில் கைவிடும் முன்

அதுவரை? நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்தைப் பரிசோதித்துத் தரும் ஆய்வகம் இயங்குகிறது. பண்ணைக்காரர்களும் தீவன ஆலைகளும் மாதிரி கொடுத்து முடிவு வாங்குகிறார்கள். அங்கே கொடுக்கும் மாதிரியை எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

பூஞ்சை நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. ஆயிரம் மணி சுத்தமாக இருக்கும், ஒரேயொரு மணியில் மொத்த நஞ்சும் குவிந்திருக்கும். மேல் மூட்டையில் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தால், கோடி ரூபாய்க் கருவியும் அந்தக் கைப்பிடியைப் பற்றித்தான் சொல்லும், லாரியைப் பற்றிச் சொல்லாது. பல மூட்டைகளில், மேல், நடு, அடி என்று பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துக் கலந்து, அதிலிருந்து மாதிரி கொடுக்க வேண்டும்.

அதற்கும் முந்தைய வேலை, நஞ்சு வராமலே பார்த்துக்கொள்வது. மக்காச்சோளத்தில் ஈரப்பதம் 14 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மண் தரையில் நேரடியாகக் கொட்டாமல் தார்ப்பாய் விரித்துக் காயவைப்பது, மூட்டையைச் சுவரோடு ஒட்டாமல் பலகை மேல் அடுக்குவது, உடைந்த மணிகளைச் சலித்து ஒதுக்குவது... எல்லாம் நம் பாட்டிகளுக்கே தெரிந்த விஷயங்கள். உடைந்த மணியில்தான் பூஞ்சை முதலில் கால் வைக்கும்.

வீட்டிலும் இதே பாடம்தான். டப்பாவின் அடியில் கிடக்கும் சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கிற வேர்க்கடலையை 'வறுத்தால் சரியாகிவிடும்' என்று சட்டியில் போடாதீர்கள். பூஞ்சை சாகும், நஞ்சு முழுதாகப் போகாது. 'மனுஷனுக்கு ஆகாது, மாட்டுக்கு ஆகும்' என்று தொட்டியில் கொட்டவும் வேண்டாம். மாடு தின்றது மறுநாள் காலையில் பாலாக உங்கள் வீட்டு வாசலுக்கே திரும்பி வரும். அதுவும் எம்1 என்று பெயரை மாற்றிக்கொண்டு!